சின்னம்மா வாங்காமல் விட்ட வோக்மன்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு இந்தக் கை லாஞ்ச் படகின் கயிற்றைக் கட்டியது, அவிழ்த்தது. பேனையைப் பிடித்தது கையொப்பம் வைக்க மட்டும்தான். எங்கே ர, எங்கே ற என்று இன்னும் தடுமாறுவேன். வாயால் சொல்லிவிடலாம் என்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்குக் கதை வராது. பிழைகளைத் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது மகள். அவள் கொழும்பில் வேலை செய்கிறாள். நான் போனில் பாட்டுக் கேட்பதும், பாதியில் யாராவது அழைத்துப் பாட்டு அறுந்துபோவதும் அவளுக்குத் தெரியும். பாட்டுக் கேட்பதற்கென்றே தனியாகச் சின்னக் கருவிகள் இருக்கின்றனவாம். மூன்றின் படங்களை அனுப்பி எது வேண்டும் என்று கேட்டாள். "நடுவில இருக்கிறதை எடுங்கோ அப்பா, அதில பாடுறவர் மூச்செடுக்கிறதும் கேக்கும்" என்றாள். அவ்வளவும் கேட்க வேண்டுமா என்று எனக்குள் ஒரு பயம் வந்தது. ஒரு மாதமாக அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஏன் பயம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா காலமாகி இரண்டு வருடம். துறைமுகத்துக்குக் கிட்ட இருந்த வீட்டில் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, நான் என்று மூன்று பேர் இருந்தோம். சின்னம்மாவின் கணவரான சித்தப்பா சவுதிக்குப் போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவரைப் போகவைத்தவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. மாமாவுக்கு மீன் வாங்கிக் கருவாடு போடுகிற மீன்வாடி இருந்தது. சித்தப்பாவை அவருக்குப் பிடிக்காது. "வாய் மட்டும் ஓயாமல் வேலை செய்யிற மனுசன்" என்பார். கடைசியில் தன் இரண்டு வள்ளங்களில் ஒன்றை விற்று, கொழும்பில் ஓர் ஏஜென்சிக்காரனைப் பிடித்து, சித்தப்பாவைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். விமானம் ஏறியதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

சித்தப்பா கடிதம் எழுதுகிறவர் அல்ல. கசற்றில் பேசி அனுப்புவார். அந்த நாட்களில் வெளிநாட்டில் இருந்த பலர் அப்படித்தான் செய்தார்கள். லீவில் வருகிற யாராவது கொண்டுவந்து கொழும்பிலிருந்து தபாலில் போடுவார்கள். கசற்றின் இரண்டு பக்கமும் சித்தப்பா பேச்சு நிறைந்திருக்கும். மணல், ஒட்டகம், பகலிலும் லைற் எரிகிற கடைகள், ஒரு தட்டில் ஆறு பேர் சாப்பிடுகிற சோறு. முதல் இரண்டு கசற்றுகளையும் வீட்டு ரேடியோவில் போட்டு எல்லோரும் சுற்றியிருந்து கேட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவும் வந்து கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அடுத்த ஞாயிறும் வருவார்.

மூன்றாவது கசற் வந்த நேரம் ரேடியோவுக்குள் இருந்த பெல்ட் தளர்ந்துவிட்டது. சித்தப்பாவின் குரல் மாடு கத்துவதுபோல் இழுத்தது. சின்னம்மா ஒரு சொல்லும் விளங்காமல் அதை நிறுத்தினா. தையல் காசு எடுத்துவைத்திருந்த ரின்னைத் திறந்தா. "ஒரு வோக்மன் வாங்கப்போறன் அக்கா. அவர்ட குரலை ஒருக்காவது சரியாக் கேக்கவேணும்" என்று அம்மாவிடம் சொன்னா.

துணைக்கு என்னைக் கூட்டிப்போனதற்குக் காரணம் இருந்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே, எஞ்சின் சத்தத்தை வைத்து எந்த லாஞ்ச் மூதூரிலிருந்து வருகிறது என்று சொல்லக்கூடியவன் நான். அயலவர்கள் ரொபி மிட்டாய் தந்து சொல்லச் சொல்வார்கள். வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அந்த ஒரு பெருமைதான் இருந்தது. "வா மகன், உன்ர காதுக்கு இண்டைக்கு வேலை இருக்கு" என்றா சின்னம்மா. நான் முன்னால் நடந்தேன்.

பஸ் நிலையத்துக்கு அடுத்த தெருவில், கப்பற்காரர் கொண்டுவந்து விற்றுவிட்டுப் போகும் சாமான்களை வைத்து கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் நானா ஒருவர் கடை நடத்தினார். அலுமாரியிலிருந்து மூன்று வோக்மன் எடுத்தவர், தானே ஒன்றைத் திருப்பி உள்ளே வைத்தார். "இது வடிவு மட்டும்தான் தங்கச்சி, உங்களுக்கு வேணாம்." மிச்சம் இரண்டு. ஒன்று சிவப்பு, பிளாஸ்டிக். மற்றது சாம்பல் நிறம், இரும்பு, கையில் வைத்தால் செங்கல்போல் பாரம்.

கடையில் இருந்த பாட்டுக் கசற்றைப் போடுங்கள் என்றேன். நானா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "பாட்டு எந்த மெசின்லயும் நல்லாத்தான் கேக்கும் தம்பி. தெரிஞ்ச மனுசன்ட குரல் இருந்தா போட்டுப் பாருங்க. அதிலதான் சாமான்ட குணம் தெரியும்."

சின்னம்மா கைப்பையிலிருந்து கைலேஞ்சியில் சுற்றிய கசற்றை எடுத்தா. முதலில் சிவப்பில் போட்டுக் கேட்டா. வெட்கப்பட்டுச் சிரித்துத் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டா. பிறகு நான் கேட்டேன். சித்தப்பாதான், ஆனால் அவருக்குப் பக்கத்தில் யாரோ ஓயாமல் மீன் பொரிப்பதுபோல் ஓர் இரைச்சல்.

பிறகு சாம்பல் மெசின். சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. கொஞ்ச நேரத்தில், சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் நின்றுபோனது. பின்னால் சுற்றிக் கேட்டா. மறுபடியும் சுற்றிக் கேட்டா.

"என்ன தங்கச்சி, பழுதா?"

"இல்லை நானா. நல்லாக் கேக்குது."

அவ கழற்றி வைத்ததும் நானா அதை என் தலையில் மாட்டிவிட்டார். சித்தப்பா என் தோளில் உட்கார்ந்து கதைப்பதுபோல் இருந்தது. எச்சில் விழுங்குவது கேட்டது. கதிரை முனகுவது கேட்டது. அவர் மணலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, தூரத்தில் அதிர்ஷ்டச் சீட்டு விற்கிற ஒரு லொத்தர்க்காரன் ஒலிபெருக்கியில், இன்றைக்குச் சீட்டிழுப்பு என்று சிங்களத்தில் கூவுவதும் கேட்டது. எங்கள் பஸ் நிலையத்தில் கூவுகிறவனின் அதே ராகம். எனக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. ஒட்டகம் இருக்கிற ஊரில் லொத்தர் இருக்காதா? மெசினின் திறமையைத்தான் நான் வியந்தேன்.

"சின்னம்மா, இதுதான்! இதில எல்லாம் கேக்குது!"

"சிவப்பைத் தாங்கோ நானா."

"அது இரைச்சல் சாமான் தங்கச்சி. விலையைத்தான் யோசிக்கிறீங்களெண்டா, சிவப்புட விலைக்கே இதைத் தாறன்."

"வேண்டாம் நானா. இது பாரமா இருக்கு."

றோட்டுப் பைப்பிலிருந்து ஒரே தடவையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கி வருகிற சின்னம்மா அப்படிச் சொன்னா.

திரும்பும்போது பஸ் நிலையத்தில் லொத்தர்க்காரனுக்கு முன்னால் நின்றா. சீட்டு எடுக்கவில்லை. சொந்தக்காரனைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றா. எனக்குச் சர்பத் வாங்கித் தந்து, "அந்தச் சாம்பல் மெசினைப் பற்றி வீட்டில கதைக்காத மகன், என்ன?" என்றா. என் சொல்லைக் கேட்காமல் கூடாத சாமானை வாங்கிவிட்ட வெட்கம் என்று நினைத்து, ஓம் என்றேன்.

அடுத்த நாட்களில் சின்னம்மா குசினிப் படியில் இருந்து கேட்பதும், கேட்டதை அம்மாவுக்குச் சொல்வதுமாக இருந்தா. சித்தப்பாவுக்கு இப்போது குளிர் அறை கொடுத்திருக்கிறார்களாம். முதலாளி அவரைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருக்கிறாராம். நான் இரண்டு பக்கமும் கேட்டேன். கசற்றில் அப்படி ஒன்றும் இல்லை. இரைச்சலில் எனக்குத் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். வோக்மனைத் தலையில் மாட்டினார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் ஊருக்கே கேட்கக் கதைத்தார்.

"என்னடி இது, மழை பெய்யிற மாதிரி இரையுது! பெரிய காதுக்காரர் தெரிஞ்செடுத்த சாமானோ? லாஞ்ச் சத்தம் கேட்டுக் கேட்டு உன்ர காது செவிடாப் போச்சுதடா!"

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். எனக்கு இருந்த ஒரே பெருமை போனது. "நான் இதைச் சொல்லேல்லை மாமா. நான் சொன்னது மற்றது. அதில லொத்தர்க்காரன் கத்துறதுகூடக் கேட்டது!"

மாமா தலையிலிருந்து கழற்றினார். "எவன் கத்துறது?"

"லொத்தர்க்காரன். சித்தப்பாவுக்குப் பின்னால. எங்கட பஸ் நிலையத்தில மாதிரியே சிங்களத்தில."

சின்னம்மா தேத்தண்ணீரோடு வாசலில் நின்றா. "சின்னப் பொடியன் அண்ணா. என்னத்தையோ கேட்டிட்டு என்னத்தையோ சொல்லுறான்."

அவவும் என் காதைக் குறை சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. கசற்றைப் பின்னால் சுற்றி அந்த இடத்துக்கு நானே கொண்டுவந்தேன். மாமாவின் தலையில் மாட்டினேன். விரலை உயர்த்தி, "இப்ப வரும், இப்ப வரும்" என்றேன். எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இரைச்சலுக்குள்ளும் அது கேட்கும். மாமா கண்ணை மூடிக் கேட்டார். மூன்று தரம் கேட்டார். பிறகு, இந்த முறை மெதுவாக, "சவுதியில லொத்தரோ?" என்றார். அங்கே லொத்தர் விற்றால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சின்னம்மா தேத்தண்ணீரை நிலத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா.

மறுநாள் மாமா கொழும்புக்குப் போனார். நாலு நாளில் சித்தப்பாவோடு வந்தார். ஏஜென்சிக்காரன் முதல் வாரமே ஓடிவிட்டானாம். சித்தப்பா ஒரு லொட்ஜ் அறையில் ஆறு பேரோடு இருந்து, கடைகளுக்கு மூட்டை தூக்கியிருக்கிறார். சவுதியிலிருந்து வந்த ஒருவனிடம் கேட்ட கதைகளைத்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். எப்படியாவது உண்மையிலேயே போய்விடலாம், அதுவரைக்கும் பேசிச் சமாளிக்கலாம் என்று நினைத்தாராம்.

"சவுதி மாப்பிள்ளை வந்திருக்கிறார், எல்லாரும் வந்து பாருங்கோ!" என்று மாமா முற்றத்தில் நின்று கத்தினார். தெருவில் அன்றிலிருந்து சித்தப்பாவுக்கு 'லொத்தர்' என்று பெயர் வந்தது.

சித்தப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். "உனக்கு அது வடிவாக் கேட்டதோ மகன்?"

"ஓம் சித்தப்பா, நல்ல வடிவாக் கேட்டது."

என் தலையில் கையை வைத்தார். நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சித்தப்பா பேச்சை விட்டுவிட்டார். ஓம், இல்லை, போதும். இந்த மூன்று சொல்லோடு மாமாவின் மீன்வாடியில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் செத்துப் பதினொரு வருடம். செத்தவீட்டில் பாடையைத் தூக்கினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. சின்னம்மா இருக்கிறா, இப்போது காது கேட்பது குறைவு. அவவிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் போவேன், தேத்தண்ணீர் குடிப்பேன், வருவேன்.

அந்த வருடத்துப் பின்னேரம் ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். சித்தப்பா முற்றத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு வலையில் சிக்கு எடுக்கிறார். சின்னம்மா குசினிப் படியில் அந்தச் சிவப்பு வோக்மனை மாட்டிக்கொண்டு இருக்கிறா. ஒட்டகம் வருகிற இடமாக இருக்க வேண்டும், சிரிக்கிறா. இடையில் "ஓமோ?" என்று பதிலும் சொல்கிறா. நான் போய், "சித்தப்பா அங்கதானே இருக்கிறார், கூப்பிடட்டோ?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னா.

ஆள் பத்தடி தூரத்தில் இருக்கும்போது கசற் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. பற்றரிதான் வீணாகிறது என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன்.

திருகோணமலை
2025 ஐப்பசி 19