மதினியின் பாலில் மக்காச்சோளம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பாலுக்குள் இருக்கிற கார்பனைப் பற்றி நான் எழுதினால் படித்தவர்கள் சிரிப்பார்கள் என்று ஒரு கூச்சம். இன்னொன்று, இதில் வருகிறவர் என் அண்ணன் மனைவி. சொந்தக்காரிக்காகப் பரிந்து பேசுகிறாள் என்பார்கள். பிரதோஷம் தவறாமல் மடவார் வளாகம் கோயிலில் வைத்தியநாதர் முன்னால் நின்று கேட்பேன். அவர் எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சரி, வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று உட்கார்ந்துவிட்டேன்.

மதினி கூமாப்பட்டியில் இருக்கிறார். அண்ணன் காலமான பிறகு மாடுகள்தான் அவருக்குப் பிழைப்பு. காலையில் பாலைக் கறந்துவிட்டு மலையடிவாரத்துக்கு ஓட்டிப்போவார். பொழுது சாயத் திரும்புவார். ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கிற ஓர் அண்ணாச்சி அந்தப் பாலை வாங்கி, கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ‘மேய்ச்சல் மாட்டுப் பால்’ என்று சீட்டு ஒட்டி விற்றார். விலை கூடுதல் என்பதால், நிஜமாகவே மேய்ந்த மாடுதானா என்று வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி பாலை வெளியூர் சோதனைக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார். மாடு என்ன தின்றது என்று பாலை வைத்தே சொல்லிவிடுவார்களாம்.

மாடு மக்காச்சோளம் தின்றிருக்கிறது என்று முடிவு வந்தது. பால் வண்டியோடு கூமாப்பட்டிக்கு வந்த அண்ணாச்சி, பஸ் ஸ்டாப்பில் கேனோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொல்லி, இனி மதினியிடம் பால் எடுக்கப் போவதில்லை என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த பஸ்ஸிலேயே மதினி என் வீட்டுக்கு வந்து நின்றார்.

“ஏட்டி, என் மாடு மக்காச்சோளத்தக் கண்ணால பாத்ததில்ல. பால் போனாப் போகுது, ஊர் முன்னால என்னையக் கள்ளியாக்கிட்டாரே. சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுதேன், வா.”

சாமி முன்னால் சூடத்தை ஏற்றிக் கையால் அணைத்து ஒருவர் சொல்லிவிட்டால், எங்கள் பக்கம் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். முந்தானையில் சூடக்கட்டியை முடிந்துகொண்டுதான் வந்திருந்தார். இரண்டு பேரும் ராஜபாளையம் போனோம்.

அண்ணாச்சி கெட்ட மனிதரில்லை. எங்களை உட்காரச் சொன்னார். ஆனால் சூடத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“சத்தியத்த நான் பாட்டில்ல ஒட்ட முடியுமாம்மா? பாலே சொல்லுது.”

“பால் பேசுதுன்னா, எங்க மேஞ்சேன்னு அதுகிட்டயே கேளுங்க,” என்றார் மதினி.

எனக்கோ வேறு நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பால் எப்படிச் சொல்லும்? வெள்ளையாக இருக்கிற ஒன்றுக்குள் சோளம் எங்கே எழுதியிருக்கும்? “அண்ணாச்சி, சோதனை பண்ணுனவியகிட்ட நான் செத்த நேரம் பேசலாமா?” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

பேசிய மேடம் பொறுமைசாலி. செடிகள் காற்றிலிருந்து கார்பனை இழுப்பதில் இரண்டு விதம் உண்டாம். ஒரு விதத்துச் செடியில் எடை கூடின கார்பன் கொஞ்சம் அதிகமாகத் தங்கும். அதை மாடு தின்றால் பாலிலும் அது தெரியும். மக்காச்சோளம் அந்த விதமாம்.

“மக்காச்சோளம் மட்டுந்தானா மேடம்?” என்று கேட்டேன். நியாயம் கேட்க அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

“சோளம், கம்பு, கரும்பு...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். “உங்க மாடு என்ன புல் மேயுதும்மா?”

மதினி போன் பக்கம் குனிந்தார். “அருகம்புல்லு, கொழுக்கட்டைப் புல்லு. பொறவு என்ன, மலையடிவாரத்துல கேரட்டா மொளைக்கி?”

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மேடம் சொன்னார்: “அந்த ரெண்டு புல்லும் மக்காச்சோளம் மாதிரிதாம்மா. நான் வச்சு ஒப்பிட்டது குளிர் நாட்டுக் கணக்கு. அங்க புல்லு வேற விதம், மக்காச்சோளம் வேற விதம். முதல்லயே புல்லைக் கேட்டிருக்கணும்.”

“அப்ப கட்டுத்தறியில வைக்கோல் தின்ன மாடு?” என்றார் அண்ணாச்சி.

“நெல்லு அந்தக் குளிர் நாட்டுப் புல்லு விதம். அந்தக் கணக்குல, வைக்கோல் தின்ன மாடுதான் நல்லா மேய்ஞ்ச மாடு மாதிரித் தெரியும்.”

அண்ணாச்சி கடையில் வரிசையாக நின்ற மற்ற பாட்டில்களைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கரும்பும் அருகம்புல்லும் ஒரே கூட்டமா! பிள்ளையாருக்கு இரண்டையும் எத்தனை முறை வைத்திருப்பேன், ஒரு நாளும் தோன்றியதில்லை.

மதினி எழுந்துவிட்டார். ஆனால் மேடம் விடவில்லை. “இதனால அவங்க மக்காச்சோளம் போடலைன்னு ஆயிடாது. இந்தச் சோதனையால சொல்ல முடியலைங்கிறதுதான் உண்மை” என்றார். மதினிக்கு முகம் சுருங்கியது. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு பிடித்தது. பாலின் கொழுப்பைப் பார்த்தால் மாடு பச்சைப் புல் தின்றதா, தானியமும் புண்ணாக்கும் தின்றதா என்று ஓரளவு பிரிக்கலாம் என்றார். மழை பெய்து அடிவாரம் பச்சையாகக் கிடந்த நேரம் அது. மறுபடி பால் எடுத்தார்கள். மதினி மாட்டுக்குப் பின்னாலேயே நடந்து, அது வாய் வைத்த புல்லையெல்லாம் ஒரு பையில் பறித்துக் கொடுத்தார்.

முடிவு வரும்வரை பாலை உறை ஊற்றி மோராகத் தெருவில் விற்றார். வாங்கினவர்களில் ஒருத்தி, “மோருல சோள வாசம் வருதே” என்று கேலி செய்தாளாம். அன்று மதினி சாப்பிடவில்லை.

கொழுப்பு பச்சைப் புல்லைத்தான் காட்டியது. பாலின் கார்பனும் மதினி பறித்துக் கொடுத்த புல்லோடு பொருந்தியது. தானியத் தீவனம் தின்ற அடையாளம் இல்லை என்று மேடமே கூப்பிட்டுச் சொன்னார். அண்ணாச்சி போனில் மதினியிடம் வருத்தம் தெரிவித்து, நாளைக்கே வண்டி அனுப்புவதாகச் சொன்னார்.

“வண்டி மட்டும் வந்தாப் பத்தாது அண்ணாச்சி. பஸ் ஸ்டாப்புல வச்சுத்தான சொன்னீக? அங்கயே வந்து சொல்லுங்க.”

வந்தார். கேனோடு நின்றவர்கள் முன்னால், “என் கணக்கு தப்பு, அவிய சொன்னதுதான் சரி” என்றார். நானும் போயிருந்தேன். மதினி கேனை வண்டியில் ஏற்றினார்.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. சாமி சத்தியத்துக்கு முன்னால் சோதனை தோற்றுப்போனதாகக் கோயிலில் என்னிடமே ஒருத்தி சொன்னாள். சூடம் ஏற்றவே இல்லை. சோளம் போட்டும் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த கெட்டிக்காரி என்று வத்திராயிருப்புப் பக்கம் மெச்சுகிறார்களாம்; அது திட்டைவிட மோசம். அதனால் கேட்கிறேன்: இதை யாரிடம் சொன்னாலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். மாடு புல் தின்றது. மதினி பொய் சொல்லவில்லை. பாலும் பொய் சொல்லவில்லை. என்ன புல் என்று கேட்க மறந்திருந்தார்கள், கேட்டதும் சரியாயிற்று. இவ்வளவுதான் நடந்தது.