மூன்றாவது வளைவில் ஏழு மில்லிமீட்டர்

ரேஸ் பார்க்க உட்கார்ந்தால் கண்ணாயிரம் காரைப் பார்க்க மாட்டார். ரோட்டைத்தான் பார்ப்பார்.

புவனகிரியில் இளவரசுவின் பைக் மெக்கானிக் கடையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவார்கள். பிரித்துப் போட்ட வண்டிகளை ஓரம் தள்ளினால் பத்துப் பேர் உட்கார இடம் கிடைக்கும். சுவரில் இருக்கும் டிவியில் ஃபார்முலா ஒன் ஓடும். பத்துப் பேர் பார்த்தாலும் வாய் ஓயாமல் பேசுவது மூன்று பேர்தான். ஒருவர் கடைக்காரர் இளவரசு. அடுத்தவர் சத்யப்பிரியா. பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவர். அண்ணாமலை நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சண்டையை ஆரம்பித்துவிடுவார். மூன்றாவது கண்ணாயிரம். தார் ரோடு போடும் கான்ட்ராக்டரிடம் ஃபோர்மேன். வயது ஐம்பத்து நான்கு.

இந்த வருடம் புது விதி வந்ததிலிருந்து சண்டைக்குப் பஞ்சமில்லை. காரின் சக்தியில் ஏறக்குறைய பாதி இப்போது மின்சாரம். இளவரசுவுக்கு அது ஆகவே ஆகாது.

"இதுக்குப் பேரு இன்ஜினா மேடம்? நேர் ரோட்டுல பறந்து வரான், கடைசில சார்ஜ் தீந்து மூச்சு வாங்குறான். எங்க சித்தப்பாவோட பழைய மொபெட்டே தேவலாம்."

"பிரேக்குல சூடா வீணாப் போறதப் புடிச்சு வெச்சு, வளைவு தாண்டினதும் திருப்பிக் குடுக்குது இளவரசு. நீங்க பிரேக் ஷூ மாத்தியே பொழைக்கிற ஆளு. வயிறு எரியத்தான் செய்யும்."

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கண்ணாயிரம் மெதுவாகச் சொல்வார். "இன்ஜின் என்னவா வேணா இருக்கட்டும். அது ஓடுறது தார் மேல."

அவர் பிரமித்துப் போவது அங்கேதான். முந்நூறு கிலோமீட்டர் வேகம். காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி. ஓரிடத்தில் மட்டம் தவறினால் கார் காற்றில். ஆனால் தவறுவதில்லை. அதே ஜல்லி, அதே தார், அதே ரோலர். இதை இத்தனை வழுவழுப்பாகப் போட்டவன் எந்த ஊர்க்காரன், என்ன சாப்பிடுவான் என்று யோசிப்பார். ஓட்டுகிறவனுக்குக் கோப்பை கொடுக்கும்போது ரோடு போட்ட ஃபோர்மேனையும் மேடையில் ஏற்ற வேண்டும் என்பது அவர் கட்சி. சில சமயம், "அதோ, ஜாயின்ட். நேத்து போட்டதும் இன்னிக்குப் போட்டதும் அங்க சேருது" என்று டிவியைக் காட்டுவார். அடுத்த சுற்றில் ஓட்டுநரின் ஹெல்மெட் சரியாக அந்த இடத்தில் தலையாட்டும். கடையே வாயைப் பிளக்கும்.

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் தார் டின் சுமக்க வந்தவர். ரோலர் ஓட்டினார், தாரைப் பரப்பும் பேவர் மெஷினில் நின்றார், ஃபோர்மேன் ஆனார். அன்றன்றைக்குப் போட்ட ரோட்டை, அது ஆறிய பின் வெறுங்காலோடு ஒரு தடவை நடந்து பார்ப்பது அவர் வழக்கம். ஆலப்பாக்கம் பக்கம் வேலை நடந்தபோது, ஓரிடத்தில் நின்று சாக்பீசால் வட்டம் போட்டார். என்ஜினீயர் நம்பாமல், ரோட்டின் மட்டம் பார்க்கும் நீளக் கட்டையை வைத்து அளந்தார். மூன்று மில்லிமீட்டர் மேடு. அன்றிலிருந்து கடலூரிலிருந்து சிதம்பரம் வரை அந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குக் கண்ணாயிரத்தின் கால் தெரியும்.

அதனால்தான் சத்யப்பிரியாவின் கல்லூரியில், மாணவர்கள் செய்த மின்சார ரேஸ் காரை ஓட்டிப் பார்க்க அறுநூற்று நாற்பது மீட்டரில் ஒரு பந்தயப் பாதை போட்டபோது, அளக்கும் கட்டை லாரியை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாயிரம் நடந்தார். "சரியா இருக்குது" என்றார். சைட் என்ஜினீயர் கையெழுத்துப் போட்டார். அளவுகளைப் பாடமாக நடத்தும் சத்யப்பிரியாகூடக் கேட்கவில்லை. கண்ணாயிரம் நடந்ததைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் மாதம், ஒரு சனிக்கிழமை வெள்ளோட்டம். இளவரசு கடையைப் பூட்டிவிட்டும், கண்ணாயிரம் கான்ட்ராக்டரின் லாரியிலும் வந்திருந்தார்கள். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை மற்ற கல்லூரி வண்டிகளும் வந்து ஓடப்போகின்றன. மூன்றாம் வருட மாணவி வினோதினி ஓட்டினாள். நான்காவது சுற்றில் வண்டியை ஓரம் கட்டினாள்.

"மூணாவது வளைவுல பிரேக் புடிக்கறப்போ பின்சக்கரம் தூக்குது மேடம். ரோட்டுல ஏதோ இருக்கு."

"ரோட்டச் சொல்லாதம்மா" என்றார் இளவரசு. "பேட்டரி வெயிட்டு ஒரு பக்கம் ஜாஸ்தியா இருக்கும். அதான் சொன்னேன், இந்தப் பேட்டரியே..."

"மூணு தடவ செக் பண்ணிட்டோம் இளவரசு. வண்டி நேரா இருக்கு."

வண்டியா, ரோடா? கடையில் ஞாயிறுதோறும் நடக்கும் சண்டைதான். ஆனால் இங்கே அதற்கு விடை தவறினால், அடுத்த வாரம் முழு வேகத்தில் வரும் யாரோ ஒரு பிள்ளை அந்த வளைவில் டயர் அடுக்கிய சுவரில் போய் மோதும். எல்லோரும் கண்ணாயிரத்தைப் பார்த்தார்கள்.

"நான் நடந்து பாத்த ரோடு" என்றார் அவர். செருப்பைக் கழற்றினார்.

பகல் இரண்டு மணி. தார் அனல் கக்கியது. அவர் நிதானமாக மூன்றாவது வளைவுக்கு நடந்து போனார். குறுக்கே நடந்தார், நெடுக்கே நடந்தார், நின்றார். மாணவன் ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டேவிட்டான். அவர் தலையை ஆட்டினார். "ஒண்ணுமில்ல. கண்ணாடி மாதிரி இருக்குது."

குடையோடு ஒரு பெண் நேராக அவரிடம் வந்தாள். பிரிசில்லா. முப்பது வருடம் புண்ணுக்குக் கட்டுப் போட்ட நர்ஸ். இப்போது கல்லூரி முதலுதவி அறையில் இருக்கிறாள்.

"ஏண்ணே, கால மாத்தி வைக்கணும்னு தோணலியா உங்களுக்கு?"

"எதுக்குங்க?"

"ஷூ போட்டிருக்கற எனக்கே சுடுது. நீங்க அஞ்சு நிமிசமா அசையாம நிக்கிறீங்க. வாங்க வெளிய."

மரத்தடியில் உட்காரவைத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். குதிகாலில் ஒன்று உடைந்தே போயிருந்தது. கண்ணாயிரம் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சுகர் எத்தன வருசம்?"

"ஒரு பதினோரு வருசம்."

"மாத்திர?"

"ஞாபகம் வந்தா."

"நல்லாருக்கு. கண்ண மூடுங்க. நான் தொடுற எடத்தச் சொல்லுங்க."

மூடினார். காத்திருந்தார். காகம் ஒன்று கத்தியது. "ஆரம்பிக்கலாமே" என்றார்.

"அஞ்சு எடத்துல தொட்டாச்சுண்ணே."

கண்ணைத் திறந்தார். பிரிசில்லாவின் விரல்களில் பஞ்சுத் திரி இருந்தது. இளவரசு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலில் உணர்வு போவது வலியோடு வராது. வலி இல்லாமல் வரும். நான் வேலையை நிறுத்திவிட்டேன் என்று கால் சொல்லாது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் சொல்லும். கண்ணாயிரத்துக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. செருப்பு ஒன்று கழன்று போனது தெரியாமல் வீட்டுக்கு வந்ததாக மனைவி செல்லாயி போன மாதம் கத்தினாள். அதைவிட, இரண்டு வருடமாக அவர் போட்ட ரோடெல்லாம் முன்பைவிட வழுவழுப்பாகிக்கொண்டே வந்தன. ஆட்கள் தேறிவிட்டார்கள் என்று நினைத்தார். ரோலர் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டுப் பாராட்டக்கூடச் செய்தார்.

இளவரசு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "விடு மாமா. காலு வேற, ரோடு வேற. கோளாறு வண்டியிலதான்னு நான் சொல்றேன். மேடம் ஒத்துக்குவாங்க."

ஒத்துக்கொள்ளத்தான் செய்திருப்பார். சத்யப்பிரியாவின் முகத்தில் ஏற்கெனவே சந்தேகம் வந்துவிட்டது, தன் வண்டி மேலேயே. கண்ணாயிரத்தின் ஒரு தலையசைப்புப் போதும், முப்பத்தைந்து வருடப் பேர் அப்படியே நிற்கும். சற்றுத் தள்ளி வினோதினி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டச் சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடா" என்றார் கண்ணாயிரம். "அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி. எனக்குக் காலு செத்துப்போச்சு. லாரில கட்ட இருக்குது, எடுத்தா."

மூன்று மீட்டர் அலுமினியக் கட்டையை வளைவில் படுக்கவைத்து, இடைவெளியில் அளவுக்கோடு போட்ட ஆப்பைச் செருகி சத்யப்பிரியா படித்தார். இரண்டு. மூன்று. அடுத்து, முதல் நாள் சாயங்கால வேலையும் மறுநாள் காலை வேலையும் சேரும் இடத்தில், ஏழு மில்லிமீட்டர். சுண்டு விரல் நக அகலம்கூட இல்லை. அதுதான் வண்டியின் பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கியது. "ஏழா?" என்று கண்ணாயிரம் கேட்டார். "மூணையே விட்டதில்லியே நான்."

புதன்கிழமை அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். அதற்கு முன்பே, திங்கட்கிழமை, பிரிசில்லா அவரைச் சிதம்பரத்தில் டாக்டரிடம் கொண்டு போய் நிறுத்தியிருந்தாள். வேலைக்கு வர விட்டாள், நிற்க விடவில்லை. கண்ணாயிரம் கட்டுப் போட்ட காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, அரை மீட்டருக்கு ஒரு தடவை கட்டை வைக்கச் சொல்லி, ஒவ்வோர் எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வளைவு முடிந்ததும் மற்ற வளைவுகள். பிறகு கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார். இரண்டு வருடமாகத் தான் நடந்து பார்த்து ஒப்புக்கொடுத்த ரோடுகளின் பெயரை வரிசையாகச் சொல்லி, எல்லாவற்றையும் கட்டை வைத்து அளக்க வேண்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வண்டி வினோதினியுடையது. கண்ணாயிரம் மூன்றாவது வளைவுக்கு வெளியே, சுவருக்குப் பின்னால், நாற்காலியில் இருந்தார். வண்டி நேர்ப் பாதையில் வந்தது. மோட்டாரின் மெல்லிய ரீங்காரம். அதற்கு அடியில் வேறொரு சத்தம். பட்டுத் துணியை ஒரே இழுப்பில் இழுத்தாற்போல். அவருக்கு முதலில் விளங்கவில்லை. ரோட்டில் எது போனாலும் இன்ஜின்தான் இரையும். லாரியும் பஸ்ஸும் அப்படித்தான். அந்த இரைச்சலுக்கு அடியில் டயரும் தாரும் இப்படிப் பேசிக்கொள்ளும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்? பிரேக் விழுந்தது. வண்டி வளைந்தது. ஜாயின்ட் மேல் ஏறியது. சத்தம் அறுபடவே இல்லை. ஹெல்மெட் அசையவில்லை.

"டேய், கேட்டியா?"

"என்னத்த மாமா?" என்றார் இளவரசு.

"ரோடுடா."

பேட்டரியை ஏசியே பழகிய இளவரசு, வண்டி போன பக்கம் காதைச் சாய்த்தார். கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

"உக்காந்தே கேளுங்க" என்றாள் பிரிசில்லா.

உட்கார்ந்தார். அடுத்த சுற்று வந்துகொண்டிருந்தது.