தூக்காத பாவு

1964 ஆகஸ்ட் 12, புதன்கிழமை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்தேன். கிணற்றில் நான்கு வாளி இறைத்தேன். அதில் ஒரு வாளியை மனைவி கொதிக்க வைத்தாள். காலரா வந்ததிலிருந்து இதுதான் ஒழுங்கு. ஐந்தே முக்காலுக்குப் பால் சொம்புடன் வாசலுக்கு வந்தேன். என் நாட்குறிப்பில் இதுவரை அப்படியே இருக்கிறது. அதன் பிறகு நடந்ததை அன்று எழுதவில்லை, இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் தினமும் விடியற்காலையில் யாராவது ஒரு வீட்டார் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்ற வேண்டிய பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி உலர்த்துவார்கள். பால்காரம்மா ஆற்றோரத்து ஓரிக்கையிலிருந்து மாட்டை ஓட்டி வந்து வீட்டு வாசலிலேயே கறப்பவள். அவள் வந்தால் இரண்டு பேர் மூங்கிலால் பாவைத் தூக்கிப் பிடிப்பார்கள்; மாடு அடியில் புகுந்து வரும். பாவைத் தாண்டுவது பெரிய குற்றம்.

முதல் நாள் மாலை தெருவில் கூடிப் பேசினோம். ஆற்றோரம் வாந்திபேதி என்று செய்தி. பால்காரம்மாவை வரவேண்டாம் என்று சொல்ல வேண்டும். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் மனமில்லை.

"சொல்லவே வேண்டாம். பாவைத் தெருமுனையிலேயே குறுக்கே நீட்டுங்க, தூக்காதீங்க. அவளே புரிஞ்சிப்பா" என்றேன் நான். எல்லோரும் மெச்சினார்கள்.

பிரசவத்துக்கு வந்த என் மகள் இன்னும் எங்களோடுதான் இருந்தாள். காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. நான்கு மாதப் பேரன் அந்த மாட்டுப் பாலில்தான் இருந்தான். பால் பவுடர் எந்தக் கடையிலும் இல்லை. அவனுக்கு மட்டும் பின்சந்து வழியாக வாங்கிக்கொள்ளலாம் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன்.

மாடு தெருமுனையில் நின்றது.

"அண்ணே, பாவைத் தூக்குங்க" என்றாள் பால்காரம்மா.

"ஈரமா இருக்குதும்மா" என்றார் பாவுக்காரர், தலை நிமிராமல்.

"நேத்தும் ஈரமாத்தான இருந்துச்சு?"

"நேத்து நேத்தோட போச்சு. உங்க பக்கம் வாந்திபேதியாமே."

"என் வூட்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. மாடா பேதியப் புடிச்சிக்கினு வருது?"

யாரோ சிரித்தார்கள். யாரும் மூங்கிலைத் தொடவில்லை. அவள் தெரு நீளத்துக்கும் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நான் சொம்பைப் பின்னால் மறைத்துக்கொண்டு உள்ளே வந்து, கொல்லைக் கதவைத் திறந்து சந்துக்கு ஓடினேன். சந்து முனையில் அவளைப் பிடித்தேன்.

"பேரனுக்கு மட்டும் ஊத்திட்டுப் போம்மா."

"ஏன் சார், இந்தச் சந்துல மட்டும் வாந்திபேதி வராதா?"

"குழந்தை அழுவுது."

"அழுவும். எனக்குத் தெரியாதா? ஆறு வருசமா முன்வாசல்ல ஊத்தின பாலு இது. திருட்டுத்தனமா ஊத்த மாட்டேன். பாவைத் தூக்கச் சொல்லுங்க, இப்பவே வரேன்."

நான் வாயைத் திறந்திருந்தால் தூக்கியிருப்பார்கள். யோசனை என்னுடையதல்லவா.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"அப்போ நாளைக்கே ஊத்தறேன்" என்று மாட்டைத் திருப்பினாள். கறக்காத மடி கனத்து, மாடு காலை அகட்டி நடந்தது.

பேரன் அன்று முழுவதும் சர்க்கரைத் தண்ணீரில் இருந்தான். சாயங்காலம் அழுவதற்கும் அவனிடம் சத்தம் இல்லை. "எங்கேயாவது போய் வாங்கிட்டு வாங்கப்பா" என்றாள் மகள். டீக்கடைப் பாலில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கலந்திருக்குமோ என்று விளக்கினேன். தெருமுனையில் நடந்ததைச் சொல்லவில்லை.

மறுநாள் ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு எழுந்ததும் நேராகப் பாவுக்காரரிடம் போனேன். குறுக்கே பாவு கட்டி முடித்திருந்தார். பக்கத்தில் கஞ்சிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"இன்னா சார், இவ்ளோ சீக்கிரம்?"

"பாவுக்குத் தடவுறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் கஞ்சி குடுப்பா. குழந்தைக்கு" என்று சொம்பை நீட்டினேன்.