பன்னிரண்டுக்கு அப்புறம் பதினைந்து

இசோகாய் தமோட்சு எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எங்கள் கம்பெனியில் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: கல்லுளிமங்கன். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஏழு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவள் நான். அவர் பேசாதவர் இல்லை, பேச வேண்டிய இடத்தில் பேசாதவர். அது வேறு, இது வேறு.

அமகசாகியில் சலவைக்கடை வைத்திருந்தவரின் மூன்றாவது மகன் அவர். ஆர்கன் வாசிக்கப் பழகி, ஒசாகாவில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு நாளைக்கு நாலு கல்யாணம், நாலுக்கும் அதே ஊர்வலப் பாட்டு. அங்கே மணப்பெண்களுக்குக் கிமோனோ கட்டிவிடும் அட்சுகோவைப் பார்த்தார், பிடித்துப் போயிற்று. அவர்கள் கல்யாணத்தில் மட்டும் ஆர்கன் வாசிக்க ஆள் இல்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் சொல்லி நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். பிறகு விளையாட்டு இயந்திரங்களுக்கு இசை போட ஆள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து எங்களிடம் வந்தார்.

ஒசாகாவின் ஜூசோ பகுதியில் தாகோயாகி விற்கும் ஒரு பலகாரக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் எங்கள் கம்பெனி. நான் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக வண்ணம் அடித்து விண்கலங்களையும் எதிரிகளையும் வரைவேன். அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு அவற்றுக்குச் சத்தம் கொடுப்பார். நான் எதிரியை வெடித்துச் சிதற வைத்தால், அந்தச் சிதறலுக்கு ஒரு ஓசை. அப்படி ஒரு ஜோடி நாங்கள். வேறு மாதிரி எண்ண வேண்டாம், அந்த ஆளுக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை, கண்ணும் இல்லை.

அவர் மகள் கொயுகியை நான் ஒரே ஒரு தடவை ஆபீஸில் பார்த்தேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. சோதனை இயந்திரத்தின் முன்னால் அப்பா மடியில் உட்கார்ந்து பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள். டப்பென்று சுட்ட சத்தம் கேட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். விண்கலம் அநாதையாக மிதந்தது. எதிரி வந்து மோதினான். மறுபடி ஒரு தட்டு, மறுபடி காதைப் பொத்தல். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

குளியல் தொட்டியில் அவள் எண்ணும் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். எங்கள் வீடுகளில் வெந்நீர்த் தொட்டியை விட்டு எழுந்திருக்கப் பிள்ளைகள் எண்ணி முடித்தாக வேண்டும். கொயுகி இருபது வரை ராகம் போட்டு எண்ணுவாளாம். பன்னிரண்டு வரை ஒழுங்காக வருவாளாம். அதற்கு அப்புறம் பதினைந்து. பதின்மூன்றும் பதினாலும் அவள் கணக்கிலேயே கிடையாது. அவர் ஒருநாளும் திருத்தவில்லை. வெந்நீரிலிருந்து சீக்கிரம் தப்பிக்க நினைக்கிறாளோ, நிஜமாகவே தெரியாதோ என்று அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த இலையுதிர் காலத்திலேயே விவாகரத்து ஆகிவிட்டது. காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. வாரத்தில் நாலு நாள் ஆபீஸ் தரையிலேயே படுத்துத் தூங்குகிற மனிதனோடு யார் குடும்பம் நடத்துவார்கள்? அட்சுகோவை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்சுமொட்டோவில் அம்மா வீட்டுக்குப் போனாள். அடுத்த வருஷமே மொமோசே என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ‘குழந்தை புது அப்பாவோடு ஒட்ட வேண்டும். அவள் பெரியவளாகும் வரை நீங்கள் வராமல் இருப்பதுதான் நல்லது’ என்று ஒரு கடிதம் எழுதினாள். எங்கள் ஊரில் இப்படித்தான், பிள்ளை ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வெட்டிவிட்டதுதான். இவர் ‘அப்படியே ஆகட்டும்’ என்று பதில் எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையும் குத்தி அனுப்பினார். நான் அவருடைய அக்காவாக இருந்திருந்தால் அந்த முத்திரையைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருப்பேன்.

இரண்டு வருஷம் கழித்து ‘இரவுக் காகம்’ வந்தது. கறுப்பாக ஒரு சின்ன விண்கலம், எதிரே கூட்டம் கூட்டமாக எதிரிகள். நாடு முழுவதும் காசு போட்டு விளையாடும் கேம் சென்டர்களில் பெரிய பையன்கள் வரிசையில் நின்று விளையாடினார்கள். அதன் பாட்டுக்கு அடியில் இன்னொரு சின்ன ராகம் ஓடும். இருபது சுரம் இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டுதான் இருக்கும், பன்னிரண்டாவதுக்கு அப்புறம் ஒரு நொண்டல். முதலாளி இரண்டு தடவை அதைச் சரிசெய்யச் சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு அப்படியே விட்டார். எனக்கு மட்டும் அது எதுவென்று தெரியும்.

ஆனால் அது கொயுகியின் காதுக்குப் போகாது. கேம் சென்டர் வாசலை மிதிக்கக் கூடாது என்று எல்லாப் பள்ளியிலும் கட்டளை. அதனால்தான் இரவுக் காகத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் விளையாடும் பெட்டிக்கு மாற்றப்போகிறோம் என்று முதலாளி அறிவித்த அன்று, அந்த மனிதர் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன். அந்தப் பெட்டியில் செருகும் விளையாட்டுக் கேசட் என்றால் வீட்டுக்குள்ளேயே போகும். மட்சுமொட்டோவில் மொமோசே வீட்டுக் கூடம்வரை போகும். அவர் வாக்கு மீறிப் போக வேண்டியதில்லை, ராகம் போகும். தன் பாட்டைக் கேட்டால் அவளுக்குத் தெரியாமலா போகும்? அவருக்கு அந்த ஒரு ஆசைதான்.

அங்கேதான் இடித்தது. கேம் சென்டர் இயந்திரத்தில் எட்டுக் குரல்கள் ஒரே சமயத்தில் ஒலிக்கும். வீட்டுப் பெட்டியில் பாட்டுக்கென்று மூன்று, வெடிச் சத்தத்துக்கு ஒரு இரைச்சல். ஒரு குரல் மேல் பாட்டுக்கு, ஒன்று கீழ்த் தாளத்துக்கு. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதில் கொயுகியின் ராகம் இருக்கலாம், அல்லது சுடுகிற சத்தம் இருக்கலாம், இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது. சுடும்போது சத்தம் வராத விளையாட்டை எந்தப் பிள்ளை வாங்கும் என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்விதான்.

மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டனிலிருந்து விரலை எடுத்து அரை விநாடி ஆனால், சும்மா கிடக்கும் அந்தக் குரலில் ராகம் வரும். மறுபடி சுட ஆரம்பித்தால் நின்றுவிடும். எனக்குப் போட்டுக் காட்டினார். சுடாமல் விட்டதும் அந்த நொண்டி எண்ணல் மெல்ல எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"இசோகாய்-சான், எந்தப் பிள்ளை பட்டன்லேருந்து கையை எடுக்கும்? ஊரே யாரு வேகமா சுடறதுன்னு பைத்தியம் பிடிச்சு அலையுது. கையை எடுத்தா செத்துடுவாங்க இல்ல?"

"கொயுகி எடுப்பா," என்றார். "அவளுக்கு அந்தச் சத்தம்னா பயம். காதைப் பொத்திக்குவா. நீதான் பாத்தியே."

அது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். பேச வேண்டிய இடத்தில் பேசாதவர் என்று அவரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கேசட் கோடையில் வெளியானது, வந்த வேகத்தில் கடைகளில் விற்றுத் தீர்ந்தது. ஆகஸ்டு விடுமுறையில் ஊர் ஊராகப் போட்டி நடத்தினோம். டிபார்ட்மென்ட் ஸ்டோர் மொட்டை மாடியில் நாலு தொலைக்காட்சி, இரண்டு நிமிஷத்தில் அதிகப் புள்ளி எடுப்பவருக்குப் பரிசு. இசை போடுகிறவர்கள் இதற்கெல்லாம் போக மாட்டார்கள். ஊர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டியதும் இவர் எழுந்துபோய் மட்சுமொட்டோவுக்கு நேரே தன் பெயரை எழுதினார். நான் அதற்குக் கீழே என் பெயரை எழுதினேன். பதாகை கட்ட ஆள் வேண்டும் என்று காரணம் சொன்னேன்.

அன்று மலைக்காற்றையும் மீறி வெயில் கொளுத்தியது. இவர் கம்பெனியின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளின் வியர்வை படிந்த பட்டன்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்துக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டது: நாலாம் வகுப்பு, மொமோசே கொயுகி.

துணி அவர் கையிலேயே நின்றுவிட்டது. கிராப்பு வெட்டிய தலையும் வெயிலில் கறுத்த முழங்காலும் ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரியுமாக ஒரு பெண் மேடையேறி மூன்றாவது தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தாள். இவர் நின்றிருந்தது அவளுக்கு நேர் பின்னால். கூட்டத்தின் ஓரத்தில் குடை பிடித்து, கைக்குழந்தையோடு நின்றிருந்த அட்சுகோ எங்களைப் பார்த்துவிட்டாள். பதறவில்லை. லேசாகத் தலை குனிந்தாள், நிமிர்ந்த பிறகு கண்ணை எடுக்கவே இல்லை. வாக்கை நினைவிருக்கிறதா என்று கேட்கிற பார்வை அது. இவரும் தலை குனிந்தார்.

விசில் ஒலித்தது. அந்தப் பிள்ளை பட்டனைத் தட்டவில்லை, நகத்தால் தேய்த்தாள். விரல் கண்ணுக்கே தெரியவில்லை. சுடுகிற சத்தம் தனித்தனியாக இல்லாமல் ஒரே கோடாக வந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, இசோகாயைப் பார்த்தேன். அவர் காதைக் கூர்மையாக்கி, தலையைச் சாய்த்து, ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்தார். ஒரு அரை விநாடி போதும் அவருக்கு. இரண்டு நிமிஷமும் அவள் விரல் நிற்கவில்லை.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்பார்கள். அந்தப் பிள்ளை மனம் கல்லும் இல்லை ஒன்றும் இல்லை. அது பாட்டுக்கு வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இவர் மட்டும் ஐந்து வயதுக் குழந்தைக்காக மூன்று மாதம் உழைத்து ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்.

கொயுகிக்கு மூன்றாம் பரிசு. பரிசுத் தொப்பியைக் கொடுக்க வேண்டியவர் இவர்தான். கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, போகாமல் நின்றாள்.

"மாமா, இந்த கேம் செஞ்சது நீங்கதானா?"

"நாங்க கொஞ்ச பேர் சேர்ந்து செஞ்சோம்மா."

"அதுல ஒரு தப்பு இருக்கு. கையை எடுத்தா கூடவே வேற ஏதோ பாட்டு வருது. அதுவும் நடுவுல ரெண்டு எண்ணம் குறையுது, நொண்டுது. அதைக் கேட்டாலே எனக்குக் கை தடுமாறிடுது. அதனால நான் கையையே எடுக்கறதில்ல."

அடி பைத்தியமே, அது நீதாண்டி என்று கத்த வேண்டும் போல இருந்தது. ஒரு அடி முன்னால்கூட வைத்துவிட்டேன். இவர் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி என்னைத் தடுத்தார். பிறகு கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்கு வணங்குவது போல, அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு முன்னால் இடுப்பு வளைந்து குனிந்தார்.

"ஆமாம்மா, பிழைதான். மன்னிச்சுக்கோ."

"பரவால்ல மாமா. அடுத்த கேம்ல சரி பண்ணிடுங்க," என்று சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். அவள் குடைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர் நிமிர்ந்தார்.

அடுத்த விளையாட்டு என்று ஒன்று அவருக்கு இருக்கவில்லை. ஒரு வருஷம் ஒப்புக்கு மேஜையில் உட்கார்ந்திருந்துவிட்டு, பழைய கல்யாண மண்டபத்துக்கே வாசிக்கப் போய்விட்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். கொயுகி பெரியவளாகிவிட்டாள், வாக்கின் கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டது. இவர் போகவில்லை. போகச் சொல்லி நான் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன்.

போட்டி நடந்த அன்று திரும்பும் ரயிலில் பெட்டிச் சாப்பாட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கிசோ பள்ளத்தாக்கு முழுதும் ஜன்னலையே பார்த்திருந்தார். நகோயா நெருங்கும்போது அவராகவே திரும்பினார்.

"ரெண்டு எண்ணம் குறையுதுன்னு சரியா கண்டுபிடிச்சுட்டா, பாத்தியா ஹமாதா," என்றார். "பதிமூணும் பதினாலும் அவளுக்கு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க."