முதல் டீ யாருக்கு

நெய்வேலி ஆர்ச் கேட்டில் கும்பகோணம் பஸ் பஞ்சராகி நிற்கிறது. கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறேன். சுரங்கத்தில் ஷிஃப்ட் விட்ட கூட்டம். கடைக்கார அக்கா எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் முதலில் டீ கொடுக்கிறார். நியாயம் கேட்கிறேன்.

“அவங்கள்லாம் கான்ட்ராக்டுங்க. அவங்க வேன் நிக்காது. பர்மனென்ட் ஆளுங்களுக்கு கம்பெனி பஸ் இருக்கு, மெதுவா குடிப்பாங்க. ஆமா, அது இன்னா பை?”

“கோல்ஃப் மட்டைங்கக்கா. ஊர் ஊரா போய் போட்டியில ஆடுறேன். அதான் தொழில்.”

“பர்மனென்ட்டா?”

இந்த ஊரில் பேரைக் கேட்பதற்கு முன்பே இதைக் கேட்பார்கள் போலிருக்கிறது. விளக்குகிறேன். ஒவ்வொரு போட்டியும் நாலு நாள். இரண்டாம் நாள் முடிவில் பின்தங்கியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சென்னையில் நேற்று அப்படித்தான் என்னை அனுப்பினார்கள். சீசன் முடியும்போது தரவரிசையில் கீழே கிடந்தால் அடுத்த வருஷம் ஆடும் உரிமையும் போய்விடும். எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு போட்டி.

“ரெண்டு நாள் ஆடுனதுக்குக் கூலி?”

“கிடையாதுக்கா.”

ஆற்றிக்கொண்டிருந்த கை நிற்கிறது. பெஞ்சுக்கு முன்னால் ஹெல்மெட்டும் கையுமாக அரட்டையடிக்கும் பர்மனென்ட்காரர்களைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

“கொஞ்சம் தள்ளுங்கய்யா! கான்ட்ராக்ட் ஆளு எம்மா நேரமா நின்னுகினு இருக்காரு!”

மறுபேச்சில்லாமல் வழி விடுகிறார்கள். அடுத்த டீ எனக்கு.

என் பஸ்ஸின் டயரை இன்னும் கழற்றவே இல்லை. ஆனாலும் வேன் கிளம்பிவிடும் என்பதுபோல் ஊதி ஊதி அவசரமாகக் குடிக்கிறேன்.