மதிப்பெண் வரிசையில் அடுக்கிய விடைத்தாள்கள்

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து டிகாக்‌ஷன் இறக்கினேன். மகளுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிவிட்டுக் காரை எடுத்தேன். டெக்சஸின் சுகர் லேண்டில் விடிவதற்குள் ஃப்ரீவே நிறைந்துவிடும் என்பதால் உள்சாலையில் போவதுதான் வழக்கம். வகுப்பறைப் பலகையில் தேதியும் பாடத் தலைப்பும் எழுதினேன். முந்தைய வாரக் கணக்குத் தேர்வின் விடைத்தாள்களை, அதிக மதிப்பெண் மேலே, குறைந்தது அடியில் என்று அடுக்கி ஓரங்களைத் தட்டிச் சமன்செய்தேன்.

சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை போன பிறகு ஆசிரியையாக வந்தவள் நான். பி.எட். படிக்கவில்லை. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களுக்கு இங்கே ஒரு மாற்று வழி உண்டு. ஆன்லைனில் படித்து, தேர்வு எழுதித் தேறினால், ஓராண்டு சம்பளத்தோடு வகுப்பெடுக்கலாம். பயிற்சி நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் அவ்வப்போது வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால்தான் நான்காம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் நிலையான சான்றிதழ் கிடைக்கும். அன்று அந்த அம்மாள் வந்திருந்தார்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். மதிப்பெண்ணைச் சொல்லவில்லை, பெயரை மட்டும்தான் சொன்னேன். ஏழெட்டுப் பேர் வாங்கியதும், முன்வரிசைப் பையன் பக்கத்துத் தாளை எட்டிப் பார்த்து, மிஸ் வரிசைப்படி கொடுக்கிறார் என்று உரக்கச் சொன்னான். அது என் காதில் விழுந்தது. அப்படியும் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். வாங்கியவர்கள் திரும்பி, வாங்காதவர்களைப் பார்க்கத் தொடங்கினார்கள். கட்டைக் கலைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசித் தாள் ஜன்னலோரப் பெண்ணுடையது. வாயே திறக்காதவள், போன வெள்ளிக்கிழமைதான் முதல் முறையாகக் கையைத் தூக்கிப் பலகைக்கு வந்து ஒரு கணக்கைப் போட்டிருந்தாள். தாளை வாங்கி, பார்க்காமலே நான்காக மடித்துக்கொண்டாள். அதன்பின் பென்சிலை எடுக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாள் கோபப்படவில்லை. இந்த வரிசையை யார் தீர்மானித்தது என்று மட்டும் கேட்டார். ஒரு பிள்ளையின் மதிப்பெண் இன்னொரு பிள்ளைக்குத் தெரியக்கூடாது, இதைத் தன் அறிக்கையில் எழுதத்தான் வேண்டும் என்றார். அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசச் சொன்னார். "எங்கள் ஊரில்" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டேன். மதியம் வராந்தாவில் அவள் எதிரே வந்தபோது ஃபோனைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததைச் சொன்னேன். மகள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அம்மா, யூ கான்ட் டூ தட்."

கணவர் சிரித்தார். "நம்ம ஊர் ஸ்கூல்ல அப்படித்தானே குடுப்பாங்க? பாதிக் கட்டு தாண்டிட்டா நான் பெஞ்சுக்கு அடியில பேனா தேட ஆரம்பிச்சிடுவேன்."

"நான் அதெல்லாம் கவனிச்சதே இல்லைங்க."

"எப்படிக் கவனிப்ப? உன் பேரு மூணாவதோ நாலாவதோ வந்துடும். அப்புறம் உன் பேப்பரையே பார்த்துட்டு இருந்திருப்ப."

சாதாரணமாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார். என் பள்ளியில் கடைசித் தாளை வாங்கியவள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை. சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தைவிட இதுதான் என்னைக் கூசவைத்தது. ஜன்னலோரப் பெண் இனி கையைத் தூக்குவாளா என்பது அப்போதுதான் என் கவலையானது. அதுவரை அறிக்கையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முதல் வேலையாக, வகுப்பறைக்குப் போகாமல், பஸ்ஸில் வரும் பிள்ளைகள் காலை உணவு சாப்பிடும் கூடத்துக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். வேண்டுமென்றுதான் அடுக்கினேன், ஆனால் உன்னை ஒரு நிமிடம்கூட நினைத்துப் பார்க்காமல் அடுக்கினேன் என்றேன். அவள் பால் அட்டைப்பெட்டியைத் திறந்தாள். குடித்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.