பன்னிரண்டு அடி பின்னால்

இந்த உலகத்தில் பின்பக்கமாக நடந்தே அதிக தூரம் போன மனிதப் பிறவி எங்கள் சித்திதான். நண்டு பக்கவாட்டில் போவதால் போட்டியிலேயே இல்லை. இதோ, கண்ணாஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் சுவர்த்திரையைப் பார்த்தபடி பின்னால் நடக்கிறாள். மூக்கில் ஒரு பழைய கண்ணாடி. அதன் மேல், உதட்டுக்குப் பூசும் ஸ்ட்ராபெரி களிம்பு. பார்வை மங்கியவர்களுக்குத் திரை எப்படித் தெரியும் என்று அறிய அவள் கண்டுபிடித்த வழி. பன்னிரண்டாவது அடியில் ஒரு பெரியவரின் மடியில் உட்காரப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க ஐயா, அங்க என்ன நம்பர் தெரியுது?" என்று அவரையே கேட்கிறாள்.

திரையில் வரும் எழுத்தை எல்லோரும் சிரமமில்லாமல் படிக்கும்படி அமைப்பது சித்தியின் தொழில். ஒல்லி எழுத்தைக் கண்டால், "இதுக்கு யாரும் சோறே போடலையா?" என்பாள். வரிகள் நெருக்கியடித்தால், "மூச்சு முட்டுது" என்று ஜன்னலைத் திறக்கிற மாதிரி இடைவெளி விடுவாள். மூன்று சுழி 'ண'வில் மூன்றும் தனித்தனியாகத் தெரிகிறவரை எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய போன் திரையில் மொத்தமே நான்கு சொல்தான் கொள்ளும். பேருந்தில் பின்சீட்டுக்காரர்கூட எங்கள் குடும்பச் சண்டையை முழுதாகப் படித்துவிட்டு இறங்கலாம்.

இங்கே அவளுக்கு வாய்த்த மேலாளருக்கோ, வெள்ளைத் திரையில் மெல்லிய சாம்பல் எண்கள்தான் 'ஸ்டைல்'. கண்ணில் சொட்டு மருந்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வெறும் மழைமேகம். போன வாரம் ஒரு தையல்காரர், தன் முறையான 38 திரையில் வந்ததை 33 என்று படித்து, இன்னும் ஐந்து பேர் என்று சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்து, டாக்டரைப் பார்க்காமலே வீட்டுக்குப் போனார். சித்தி அதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து என்னைத் திட்டக்கூட மறந்துபோனாள். எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

இளமஞ்சள் பின்னணியில் தடித்த கறுப்பு எண்களாகப் புதிதாக ஒன்று அமைத்தாள். "கண்ணு நல்லாத் தெரிஞ்சா அவங்க ஏன் சார் இங்க வரப்போறாங்க?" என்றும் கேட்டுப் பார்த்தாள். தனக்குப் பழையதே நன்றாகத் தெரிகிறதே என்றாராம் மேலாளர். இன்று பதினோரு மணிக்கு இரண்டையும் பார்த்துக் கடைசி முடிவு சொல்வதாக ஏற்பாடு. பள்ளிக்கூடம் என்னை ஒரு வாரம் வீட்டிலிருந்தே அறிவை வளர்த்துக்கொள்ளச் சொல்லியிருந்ததால், நானும் கூடப் போயிருந்தேன்.

தேநீரின் ஆவி படியக்கூடாதென்று கழற்றி வைத்திருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலாளர் வந்தார். சாம்பல் எண்ணைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். நாலடி முன்னால் போனார். அப்புறமும் எண் பிடிபடவில்லை. சித்தி தன்னுடையதை வரவழைத்ததும், "நாப்பத்தொண்ணு" என்று பட்டென்று படித்தார். பவர் ஏறிவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே முனகியவர், "சரிம்மா, உங்களோடதே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைத் தடவாத குறையாக அறைக்குத் திரும்பினார்.

சித்தி துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தேன். அவள் என் வலது கையைப் பிடித்துக் கட்டைவிரலை மோந்து பார்த்தாள்.

"ஸ்ட்ராபெரி. எருமை, கையையாவது கழுவியிருக்கலாம்ல?"

பிறகு கணினிப் பக்கம் திரும்பி முதலில் 'சேமி' என்பதை அழுத்தினாள். அப்புறம் கண்ணாடி துடைக்கிற துணியை என் கையில் திணித்து, மேலாளர் அறைப் பக்கம் முகவாயை நீட்டினாள்.